கடைசி ஒரு பர்லாங்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் புகழ்ந்து முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. நம் தோழருக்கு அது பிடிக்காது. தன்னைப் பற்றி மேடையில் யாராவது இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசினால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். ஆகவே அவரைப் பற்றி ஒரே ஒரு நிகழ்ச்சியை மட்டும் சொல்லிவிட்டு, அது எழுப்பிய கேள்வியின் பின்னால் போகலாம் என்று நினைக்கிறோம். போர் நடக்கும் இடங்களில் பசித்தவர்களுக்கு உணவும், காயம்பட்டவர்களுக்கு மருந்தும் ஏன் போய்ச் சேருவதில்லை என்பதே அந்தக் கேள்வி.

2005 ஜனவரி. சுனாமி வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நம் பகுதிச் சேரிகளில் வீடு வீடாகப் பிடி அரிசி திரட்டி, பழைய துணி, பாத்திரம் எல்லாம் சேர்த்து ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போனோம். ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். அவர்கள் கையில் ஒரு பட்டியல் இருந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள், வீடு போனவர்கள், படகு போனவர்கள் என்று எல்லாம் எழுதியிருந்தது. அந்த மக்களின் துயரம் உண்மையானது, அதை நாம் ஒருநாளும் குறைத்துப் பேசக் கூடாது. பட்டியல்படி மூட்டைகளை இறக்கினோம். இருட்டத் தொடங்கியது, திரும்பிவிடலாம் என்றோம்.

நம் தோழர் லாரியின் முன்சக்கரத்துக்கு அருகே உட்கார்ந்துவிட்டார். "காலனி எங்கே?" என்று கேட்டார். காலனி அங்கிருந்து ஒரு பர்லாங் உள்ளே இருந்தது. கருவாடு சுமந்தும், வயல் வேலைக்கும் உப்பளத்து வேலைக்கும் போயும் பிழைத்த ஜனங்கள். அவர்களுக்குப் படகு கிடையாது, அதனால் படகு போன பட்டியலில் அவர்கள் இல்லை. வீடு இடியவில்லை, ஆனால் வேலை மொத்தமும் போய்விட்டது. வேலை போனதற்குப் பட்டியலில் கட்டம் கிடையாது. காலனிக்குப் போகும் பாதையில் லாரி நுழையாது. மிச்சமிருந்த மூட்டைகளைத் தலையில் சுமந்துகொண்டு போனோம். ஒரு கிழவி அரிசியை வாங்கி வைத்துவிட்டுக் கேட்டார்: "அரிசி கெடக்கட்டும் தம்பி, எம்பேர எழுதிக்கிட்டீங்களா?"

அன்றைக்கு அந்தக் கேள்வியின் கனம் எங்களுக்கு முழுதாக விளங்கவில்லை. அரிசி நான்கு நாளில் தீர்ந்துவிடும். பெயர் பட்டியலில் ஏறினால்தான் நாளைக்கு வீடு, நிவாரணப் பணம், குடிதண்ணீர், எல்லாம். அந்த அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது. சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை முன்னூறு கிலோமீட்டரை உதவி கடந்துவிடுகிறது. கடைசி ஒரு பர்லாங்கைத்தான் அதனால் கடக்க முடிவதில்லை. இன்று நாம் பேசப்போவது அந்தக் கடைசி ஒரு பர்லாங்கைப் பற்றி.

1. காகிதத்தில் திறந்த குளம்

இந்தக் கதை நமக்குப் புதிதல்ல. 1923இல் பம்பாய் சட்டமன்றம் பொதுக் கிணறு, குளம், தர்மசாலை ஆகியவற்றைத் தீண்டப்படாதோரும் பயன்படுத்தலாம் என்று தீர்மானம் போட்டது. 1924இல் மஹாட் நகராட்சி தன் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. காகிதத்தில் குளம் திறந்துவிட்டது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருவரும் ஒரு கை நீர் அள்ளவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடந்துபோய் அந்த நீரைக் கையில் அள்ளிக் குடித்த பிறகுதான் அந்தத் தீர்மானத்துக்கு உயிர் வந்தது. அன்றே அடி விழுந்தது. குளத்துக்குத் 'தீட்டு' கழித்தார்கள். வழக்குப் போட்டார்கள். பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொல்ல 1937 ஆயிற்று.

உரிமை இருப்பதும் அந்த உரிமையிடம் போய்ச் சேருவதும் இரண்டு வேறு விஷயங்கள் என்று மஹாட் நமக்குக் கற்றுக்கொடுத்தது. போர்க்காலச் சட்டங்களைப் படிக்கும்போது இந்தப் பாடத்தைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகள் நான்குக்கும் பொதுவான மூன்றாம் பிரிவு, உள்நாட்டுப் போரில் பக்கம் சாராத மனிதநேய அமைப்பு ஒன்று இரு தரப்புக்கும் தன் சேவையை 'வழங்க முன்வரலாம்' என்று சொல்கிறது. 'முன்வரலாம்', அவ்வளவுதான். 1977இல் வந்த இரண்டாம் கூடுதல் நெறிமுறை ஒரு படி மேலே போய், மக்கள் உணவும் மருந்தும் இல்லாமல் தவித்தால் நிவாரணப் பணி நடத்தப்பட வேண்டும் என்றது. ஆனால் சம்பந்தப்பட்ட அரசின் சம்மதத்தோடு என்று ஒரு வாலையும் சேர்த்தது. அந்த நெறிமுறையில் இந்தியா சேரவில்லை, இலங்கையும் சேரவில்லை. 1991 டிசம்பரில் ஐநா பொதுச்சபை போட்ட 46/182 என்ற தீர்மானம்தான் இன்றைய நிவாரண அமைப்பு முறைக்கு அடித்தளம். அதிலும் பாதிக்கப்பட்ட நாட்டின் சம்மதம் என்ற சொல் நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

ஆக, யாருடைய குண்டுக்கு மக்கள் தப்பி ஓடுகிறார்களோ அவர்களிடமே அரிசி மூட்டைக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ஊர் தன்னை ஒதுக்கிவைத்திருக்கும்போது, அந்த ஊர்ப் பஞ்சாயத்திடமே போய் மளிகைக் கடையைத் திறக்கச் சொல்லிக் கேட்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. மாவு மில்லில் அரைக்க மாட்டார்கள், டீக்கடையில் டீ கிடையாது, வயலுக்குப் போகும் வரப்பை முள்ளால் அடைத்துவிடுவார்கள். சமூகப் புறக்கணிப்பை ஒரு தனிக் குற்றமாக வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சேர்க்க 2015ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முற்றுகை என்பதன் சிறிய உருவம் அது. பெரிய உருவத்தை வன்னியில் பார்த்தோம்.

2. வன்னி: கதவுகள் மூடப்பட்ட வரிசை

வன்னி மீதான தடை 2008இல் தொடங்கியதில்லை. தொண்ணூறுகள் முழுக்க அங்கே மண்ணெண்ணெய், பேட்டரி, சிமெண்ட், உரம் எல்லாம் தடைப்பட்டியலிலும் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இருந்தன. போருக்குப் பயன்படக்கூடியது என்று காரணம் சொன்னார்கள். பேட்டரி இல்லாத வீட்டில் வானொலி கேட்க முடியாது, மண்ணெண்ணெய் இல்லாத வீட்டில் பிள்ளைகள் படிக்க முடியாது.

2008 செப்டம்பர் தொடக்கத்தில், கிளிநொச்சியில் இருக்கும் ஐநா ஊழியர்களுக்கும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களுக்கும் இனிப் பாதுகாப்புத் தர முடியாது, வெளியேறுங்கள் என்று இலங்கை அரசு சொல்லியது. மக்கள் ஐநா அலுவலக வாசலில் கூடிப் போகாதீர்கள் என்று கெஞ்சினார்கள். செப்டம்பர் 16 அன்று வாகனங்கள் புறப்பட்டுவிட்டன. வெளிநாட்டு ஊழியர்கள் போனார்கள். உள்ளூர் ஊழியர்கள் பலரும் அவர்கள் குடும்பங்களும் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள், ஏனென்றால் வெளியேற விடுதலைப் புலிகள் பாஸ் தரவில்லை. போன வாகனங்களோடு, அங்கே நடப்பதைப் பார்த்து வெளியுலகுக்குச் சொல்லக்கூடிய கண்களும் போய்விட்டன. செஞ்சிலுவைக் குழு மட்டும் நின்றது.

பிறகு வவுனியாவிலிருந்து உணவு லாரிகள் வரிசையாகப் போய்வந்தன. 2009 ஜனவரி நடுவில் போன பதினோராவது வரிசைதான் தரைவழியில் போன கடைசி வரிசை. அரசே அறிவித்த பாதுகாப்பு வலயத்தில் உணவு விநியோகம் நடந்த இடத்தைச் சுற்றி எறிகணைகள் விழுந்தன. அதன் பின் கடல்வழி மட்டுமே. 2009 பிப்ரவரி 10 முதல் மே 9 வரை செஞ்சிலுவைக் கப்பல்கள் கரைக்குச் சற்றுத் தள்ளி நிற்க, சிறு படகுகளில் காயம்பட்டவர்களை ஏற்றினார்கள். ஏறக்குறைய 14,000 பேர், காயம்பட்டவர்களும் நோயாளிகளும் துணைக்கு வந்த உறவினர்களும், அப்படி வெளியேற்றப்பட்டார்கள். மே 9க்குப் பிறகு அதுவும் நின்றது.

இந்த வரிசையில் நாம் கவனமாகப் பார்க்க வேண்டியது ஒரு எண்ணை. உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள்? 2009 தொடக்கத்தில் அரசு சொன்ன கணக்கு ஏறத்தாழ 70,000. ஐநாவின் மதிப்பீடு இரண்டரை லட்சம். போர் முடிந்ததும் முகாம்களில் வந்து நின்றவர்கள் ஏறத்தாழ 2,90,000 பேர். எழுபதாயிரம் பேருக்கு என்று கணக்குப் போட்டுத்தான் அரிசியும் மருந்தும் அனுமதிக்கப்பட்டன. மிச்சம் இரண்டு லட்சம் பேர் காகிதத்தில் பிறக்கவே இல்லை. பசியை உண்டாக்க வயலைக் கொளுத்த வேண்டிய அவசியம் இல்லை. தலைகளைக் குறைத்து எண்ணினால் போதும். "எம்பேர எழுதிக்கிட்டீங்களா?" என்று கேட்ட கிழவிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மருத்துவமனைகளும் தாக்கப்பட்டன. உள்ளே இருந்த அரசு மருத்துவர்கள் மயக்க மருந்து வேண்டும், இரத்தம் ஏற்றும் பைகள் வேண்டும் என்று மீண்டும் மீண்டும் கேட்டார்கள். வெளியே வந்ததும் அவர்கள் காவலில் வைக்கப்பட்டார்கள். 2009 ஜூலையில் பத்திரிகையாளர்கள் முன் நிறுத்தப்பட்டு, முன்பு தாங்கள் சொன்ன எண்ணிக்கைகள் மிகைப்படுத்தப்பட்டவை என்று சொன்னார்கள். காவலில் இருப்பவர் வாயிலிருந்து வரும் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று காவல்நிலையம் பார்த்த நமக்குத் தெரியும்.

ஐநா பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் வெளிவந்த அறிக்கையில், இறுதிக் கட்டத்தில் 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்றது. உணவும் மருந்தும் மறுக்கப்பட்டது நம்பத்தகுந்த குற்றச்சாட்டு என்றும் சொன்னது. 2012 நவம்பரில் சார்லஸ் பெட்ரி தலைமையிலான ஐநாவின் உள் விசாரணைக் குழு, இது ஐநா அமைப்பு முழுவதன் தோல்வி என்று எழுதியது. அனுமதி பறிபோய்விடுமோ என்ற அச்சத்தில், தெரிந்த சாவுக் கணக்கையும் வெளியே சொல்லாமல் அதிகாரிகள் அடக்கி வாசித்தார்கள் என்பது அதன் சாரம். வாயை மூடிக்கொண்டால் லாரியை விடுவார்கள் என்று நம்பினார்கள். கடைசியில் லாரியும் போகவில்லை, செய்தியும் போகவில்லை.

3. நாம் பேசாமல் விட்டது

இனி நம்மைப் பற்றியும் பேச வேண்டும். இந்த மன்றத்தில் அதைச் சொல்லாவிட்டால் வேறு எங்கே சொல்வது?

2008, 2009இல் நாம் தெருவில் நின்றோம். உண்ணாவிரதம் இருந்தோம், துண்டறிக்கை அடித்தோம். ஆனால் நாம் அன்று எழுதிய துண்டறிக்கைகளை இப்போது எடுத்துப் படித்தால் இரண்டு இடங்கள் காலியாக இருக்கின்றன.

முதலாவது, விடுதலைப் புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்தார்கள். பாஸ் முறை வைத்திருந்தார்கள். சிறுவர்கள் உட்படப் பலரைக் கட்டாயமாகப் படையில் சேர்த்தார்கள். தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள். அரசின் குண்டுவீச்சைக் கண்டித்த அதே வல்லுநர் குழு அறிக்கை இதையும் எழுதியிருக்கிறது. உதவி உள்ளே போகாமல் தடுப்பது ஒரு பூட்டு. மக்கள் உதவியை நோக்கி வெளியே வராமல் தடுப்பது இன்னொரு பூட்டு. ஒன்றைப் பற்றி மட்டும் பேசினால் உள்ளே இருப்பவர்களுக்கு நாம் நேர்மையாக இல்லை. அப்போது இதைப் பேசினால் எதிரிக்கு உதவும் என்று நினைத்தோம். நம் தோழர் ஒரு கூட்டத்தில் இதை எழுப்பினார், நாங்கள் அவரை உட்காரச் சொன்னோம். அதை அவர் பிறகு ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை. ஆகவே இன்று நாங்களே சொல்கிறோம்.

இரண்டாவது, உள்ளே இருந்தவர்கள் யார் என்று நாம் கேட்கவில்லை. 'ஈழத் தமிழர்' என்ற ஒரே சொல்லில் எல்லோரையும் அடக்கிவிட்டோம். வன்னியில் சிக்கியவர்களில் கணிசமானோர் மலையகத் தமிழர்கள். 1958, 1977 வன்முறைகளுக்குத் தப்பிக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பகுதிகளில் வந்து காடு திருத்திக் குடியேறியவர்கள். அவர்களின் பாட்டன் பூட்டன் யார்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் சேரிகளிலிருந்து பஞ்சம் பிழைக்கத் தோட்டங்களுக்குப் போனவர்கள்தான் அவர்களில் பெரும்பங்கு. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டவர்கள், 1964 ஒப்பந்தத்தில் இரண்டு பிரதமர்கள் தலை எண்ணிப் பிரித்துக்கொண்டவர்கள். வன்னியிலும் அவர்களுக்கு வளமான நிலம் கிடையாது, வெளிநாட்டில் பணம் அனுப்பும் அண்ணன் தம்பி கிடையாது. பணமும் உறவும் உள்ளவர் போருக்கு முன்பே கொழும்புக்கோ கனடாவுக்கோ போய்விட முடிந்தது. கடைசிவரை முள்ளிவாய்க்கால் மணலில் நின்றவர்களில் நம் இரத்த உறவுகள் இருந்தார்கள். நாம் அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கவே இல்லை.

யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இராணுவ உயர்பாதுகாப்பு வலயத்துக்காக வெளியேற்றப்பட்ட மக்களில், வசதி உள்ளவர்கள் சில ஆண்டுகளில் வேறு காணி வாங்கிப் போய்விட்டார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் மல்லாகம், சுன்னாகம் பக்கத்து முகாம்களில் ஓலைக் கொட்டிலில் இருந்தவர்கள் பெரும்பாலும் நிலமற்றவர்கள், ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். குண்டு சாதி பார்த்து விழுவதில்லை என்பார்கள். முகாமைவிட்டு எழுந்து போகும் வரிசை சாதி பார்த்துத்தான் நகர்கிறது.

நாம் அனுப்பிய உதவிக்கு என்ன ஆயிற்று என்பதையும் நினைத்துப் பாருங்கள். 2008 நவம்பரில் தமிழ்நாட்டில் திரட்டிய நிவாரணப் பொருள்கள் செஞ்சிலுவைக் குழு வழியாகப் போயின. ஐரோப்பாவில் புலம்பெயர்ந்த தமிழர்கள் திரட்டிய பொருளோடு வந்த 'வணங்கா மண்' கப்பலை 2009 ஜூனில் இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பியது. சரக்கைச் சென்னையில் இறக்கி வேறு கப்பலில் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே துறைமுகத்தில் மாதக்கணக்கில் கிடந்தது. அந்த நேரத்தில் அது சேர வேண்டிய மக்கள் செட்டிகுளம் மெனிக் பார்ம் முகாமில் முள்வேலிக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் வரை அவர்கள் வெளியே நடமாடத் தடை.

4. வேறு ஊர், அதே பூட்டு

வன்னியை மட்டும் பார்த்தால் இது நமக்கு மட்டும் வந்த கேடு என்று தோன்றும். மற்ற இடங்களையும் பார்த்தால் பூட்டுகளின் வகை புரியும்.

சோமாலியாவில் 2011இல் பஞ்சம். அல்-ஷபாப் இயக்கம் தன் பகுதியில் பல நிவாரண நிறுவனங்களைத் தடைசெய்தது. மறுபக்கம், அந்த இயக்கத்தின் கைக்கு ஒரு மூட்டை போனாலும் பயங்கரவாதத்துக்கு உதவிய குற்றம் என்ற அமெரிக்கச் சட்டத்துக்கு அஞ்சி உதவி சுருங்கியது. ஏறத்தாழ 2,60,000 பேர் செத்தார்கள். அதில் பாதி ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள். இந்தச் சட்டம் பற்றிய முக்கியத் தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010 ஜூனில் கொடுத்தது. தடைசெய்யப்பட்ட இயக்கத்துக்கு அமைதி வழியில் பேசக் கற்றுக்கொடுப்பதுகூடக் குற்றம் என்றது. அந்த வழக்கில் பேசப்பட்ட இரண்டு இயக்கங்களில் ஒன்று விடுதலைப் புலிகள். பொருளாதாரத் தடைகளிலிருந்து மனிதநேய உதவிக்கு விலக்குத் தரும் ஐநா பாதுகாப்புச் சபைத் தீர்மானம் வர 2022 டிசம்பர் ஆயிற்று.

சிரியாவில் ஒரு கதவு திறந்தது. அரசின் சம்மதம் இல்லாமலே எல்லை தாண்டி உதவி அனுப்பலாம் என்று 2014 ஜூலையில் பாதுகாப்புச் சபை நான்கு எல்லைப் பாதைகளை அனுமதித்தது. பிறகு வீட்டோ அதிகாரம் உள்ள நாடுகளின் பேரத்தில் நான்கு இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று, 2023 ஜூலையில் அந்த ஒன்றுக்கான தீர்மானமும் காலாவதியாகிவிட்டது. குழந்தைக்குப் பால் போகும் பாதைக்கு மீண்டும் மீண்டும் நியூயார்க்கில் ஓட்டெடுப்பு நடந்தது.

காசாவில் 2025 மார்ச் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ பதினோரு வாரம் உணவு, மருந்து, எரிபொருள் எதையும் இஸ்ரேல் உள்ளே விடவில்லை. ஆகஸ்டில் காசா நகரப் பகுதியில் பஞ்சம் உறுதிசெய்யப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரல் 1 அன்று, தன் பாதையை முன்கூட்டியே இராணுவத்துக்குத் தெரிவித்துவிட்டுப் போன ஓர் உணவு நிறுவனத்தின் வாகனங்களைத் தாக்கி ஏழு பேரைக் கொன்றார்கள். தவறுதலாக நடந்தது என்றார்கள்.

சூடானில் 2023 ஏப்ரல் 15 முதல் இராணுவத்துக்கும் துணைப்படைக்கும் போர். டார்ஃபூருக்கு உணவு போகும் அத்ரே எல்லைப் பாதையை இராணுவ அரசு 2024 பிப்ரவரியில் மூடியது. ஆகஸ்ட் 1 அன்று எல் ஃபாஷருக்கு அருகே ஸம்ஸம் முகாமில் பஞ்சம் அறிவிக்கப்பட்டது. அதன் பிறகுதான் பாதையைத் திறந்தார்கள். எல் ஃபாஷரைத் துணைப்படை ஒன்றரை ஆண்டு முற்றுகையிட்டு 2025 அக்டோபரில் பிடித்தது. அங்கே உதவியைத் தடுத்தவை இரண்டு பூட்டுகள், இரண்டு கைகளில்.

நம் நாட்டுக்குள்ளேயும் பாருங்கள். மணிப்பூரில் 2023 மே 3க்குப் பிறகு பள்ளத்தாக்குக்குப் போகும் நெடுஞ்சாலை மறிக்கப்பட்டது. மலையிலிருந்த குக்கி மக்கள் இம்பால் மருத்துவமனைக்கு இறங்க முடியாமல், மிசோரம் வழியாக ஐஸ்வாலுக்கு நாள்முழுக்கப் பயணம் போக வேண்டியதாயிற்று. மெய்தெய் முகாமிலும் அழுதார்கள், குக்கி முகாமிலும் அழுதார்கள். நாம் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

5. மூட்டையைத் தலையில் சுமப்பவர்கள்

லாரி நிற்கும் இடத்திலிருந்து காலனிவரை மூட்டையைச் சுமப்பவர் யார்?

2006 ஆகஸ்ட் 4. திருகோணமலை மாவட்டம் மூதூரில், சுனாமிக்குப் பின் குடிநீர் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் 17 உள்ளூர் ஊழியர்கள் அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பதினாறு தமிழர்கள், ஒரு முஸ்லிம். அரசுப் படையினரே பொறுப்பு என்று அன்றைய நார்டிக் கண்காணிப்புக் குழு சொன்னது, அரசு மறுத்தது. இத்தனை ஆண்டுகளில் ஒருவருக்கும் தண்டனை இல்லை. உலகம் முழுவதும் 2024இல் மட்டும் 383 உதவிப் பணியாளர்கள் கொல்லப்பட்டதாக ஐநா கணக்குச் சொல்கிறது. மிகப் பெரும்பான்மை உள்ளூர்க்காரர்கள். வெளிநாட்டவரைக் கூட்டிப்போக விமானம் வரும். உள்ளூர் ஓட்டுநருக்கும், தண்ணீர்க் குழாய் பதிப்பவருக்கும் அது வராது. அங்கேயும் ஊர் ஒன்று, சேரி ஒன்று இருக்கிறது.

ஆனால் நம்பிக்கையும் அங்கேதான் இருக்கிறது. சூடானில் பெரிய நிறுவனங்கள் போக முடியாத தெருக்களில், அந்தந்தத் தெரு இளைஞர்களும் பெண்களும் 'அவசரகால அறைகள்' என்று குழு அமைத்துப் பொதுச் சமையல் நடத்தினார்கள். அகப்பையும் கைப்பேசியும்தான் அவர்கள் ஆயுதம். இரு தரப்பும் அவர்களைக் கைதுசெய்தன. 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி திடீரென நின்றபோது நூற்றுக்கணக்கான சமையற்கூடங்கள் மூடப்பட்டன. மிச்சமிருந்தவர்கள் சமைத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசிப் பர்லாங்கைக் கடக்க அவர்களுக்கு யாருடைய பாஸும் தேவைப்படவில்லை, ஏனென்றால் அவர்கள் வீடே அங்கேதான்.

இங்கே நம் சட்டம் என்ன செய்திருக்கிறது? வெளிநாட்டு நிதி பெறும் அமைப்பு அதை இன்னொரு சிறிய அமைப்புக்குப் பகிரக் கூடாது என்று 2020இல் திருத்தம் கொண்டுவந்தார்கள். பெரிய அலுவலகத்திலிருந்து சேரியில் இருக்கும் சிறு மன்றத்துக்குப் பணம் போகும் பாதை அதோடு அடைபட்டது. அதுவும் ஒரு பூட்டுதான்.

6. ஐந்து கேள்விகள்

மாணவர்கள் கேட்கலாம்: பாதுகாப்புச் சபையில் நமக்கு ஓட்டா இருக்கிறது, நாம் என்ன செய்வது? எங்கே போர் என்று செய்தி வந்தாலும், எந்தத் தரப்பின் மீது நமக்கு அன்பு இருந்தாலும், ஐந்து கேள்விகளை விடாமல் கேட்கலாம். இவை நம் தோழர் லாரிச் சக்கரத்துக்கு அருகே உட்கார்ந்து கேட்ட ஒரே கேள்வியிலிருந்து பிறந்தவைதான்.

ஒன்று, உள்ளே எத்தனை பேர், எண்ணியது யார்? முற்றுகையிட்டவர் தரும் எண்ணை அப்படியே எழுதாதீர்கள்.

இரண்டு, எந்தப் பொருளைத் தடுத்திருக்கிறார்கள், என்ன காரணம் சொல்லி? 'ஆயுதமாகலாம்' என்று சொல்லித் தடுக்கப்படும் பட்டியலில் சோப்பும் மருந்தும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று, மக்களை வெளியே வரவிடாமல் வைத்திருப்பவர் யார்? அவர் நம் கொடியைப் பிடித்திருந்தாலும் கேளுங்கள். இதைக் கேட்கத்தான் நாங்கள் 2009இல் தவறினோம்.

நான்கு, பங்கு பிரிக்கும் மேசையில் யார் இல்லை? 2005 ஜூனில் இலங்கை அரசும் புலிகளும் சுனாமி நிவாரணத்தைச் சேர்ந்து நிர்வகிக்க ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். நல்ல முயற்சி. ஆனால் சுனாமியில் பெரும் இழப்பைச் சந்தித்த கிழக்கு முஸ்லிம்கள் அதில் கையெழுத்திடும் தரப்பாக இல்லை. பேரினவாதிகள் அதை எதிர்த்து அரசிலிருந்து விலகினார்கள். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் முக்கியப் பகுதிகளுக்குத் தடை போட்டது. ஒப்பந்தம் பிறந்த இடத்திலேயே இறந்தது.

ஐந்து, மூட்டை யார் வீட்டு வாசலில் நின்றது? அந்த நாட்டின் சேரி எது என்று தேடுங்கள். எல்லா நாட்டிலும் ஒன்று இருக்கும். அங்கே போயிருக்கிறதா என்று கேளுங்கள். நாகப்பட்டினத்தில் பிணங்களை எடுக்க மற்ற நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கூட்டிவந்தார்கள், கையுறைகூட இல்லாமல் வேலை செய்தார்கள். பிணம் எடுக்க நம்மைத் தேடி வரும் வாகனம், அரிசி கொடுக்க ஏன் வழி தெரியாமல் நிற்கிறது?

பட்டினி போடுவதை ஒரு போர்முறையாகப் பயன்படுத்துவதைப் பாதுகாப்புச் சபை 2018 மே மாதத்தில் 2417ஆம் தீர்மானத்தில் கண்டித்தது. உள்நாட்டுப் போரிலும் அதைப் போர்க்குற்றமாகச் சேர்க்கும் திருத்தத்தை ரோம் சட்ட உறுப்பு நாடுகள் 2019 டிசம்பரில் ஏற்றன. இந்தக் காகிதங்கள் வீண் என்று நாம் சொல்ல மாட்டோம். 1923 தீர்மானம் இல்லாமல் 1927 நடை இல்லை. ஆனால் குளம் திறந்துவிட்டது என்று காகிதம் சொல்லும்போது, கரைவரை நடந்துபோய் நீரை அள்ளிப் பார்ப்பவர்கள் வேண்டும்.

அன்று இரவு காலனியிலிருந்து திரும்பியபோது மணி பதினொன்று. நம் தோழர் தன் பள்ளிக்கூட நோட்டில் 43 குடும்பங்களின் பெயரை எழுதியிருந்தார். மறுநாள் காலையில் சட்டையைக்கூட மாற்றாமல் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு அதிகாரிகளைப் பார்க்கப் போனார். ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டியது. ஐந்து முறை நடந்தார். கடைசியில் 31 குடும்பங்களின் பெயர் ஏறியது. மீதி 12 ஏறவில்லை. அந்தப் பன்னிரண்டு பெயர்களைச் சிவப்பு மையில் சுழித்து வைத்த நோட்டை அவர் வீட்டார் போன மாதம் எங்களிடம் கொடுத்தார்கள். முதல் பெயர் அந்தக் கிழவியுடையது.

நோட்டு இங்கே, மன்ற அலுவலகத்தில் இருக்கிறது. வந்து பாருங்கள்.